58 எஃப்/8: முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய மலை மேப்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சர்வே மேப்புகள் விற்கிறார்களே, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசல் தாள்தான் என்று உறுதியானால் தாராளமாக வாங்கலாம். ஆனால் சுவரில் மாட்ட மட்டும் வாங்காதீர்கள். மேசையில் விரித்துப் படிக்க வேண்டிய பொருள் அது. நான் வாங்கியது, நாட்டை அளந்து மேப் போடும் அரசுத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் ஒரு அங்குலத் தாள், அதாவது ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டுவது. எண் 58 எஃப்/8. கொடைக்கானல் ஏரியிலிருந்து போடிநாயக்கனூர் வரைக்குமான மலையும் காடும் அதில் அடங்கியிருக்கிறது. கடையில் முதலில் சொன்ன விலை 6,000 ரூபாய். பேசி முடித்தது 3,500.

தேவகோட்டையில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிளஸ் டூ செய்முறைப் பாடத்தில் டோபோ ஷீட், அதாவது மேடு பள்ளம் காட்டும் இதுமாதிரி மேப், வாசிப்பது உண்டு. எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்ததெல்லாம் ஜெராக்ஸ் எடுத்ததன் ஜெராக்ஸ். அதில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடும் கறுப்பு, ஓடையும் கறுப்பு, வண்டிப் பாதையும் கறுப்பு. "டீச்சர், இது ஆறா, மலையா?" என்று கேட்காத பிள்ளை கிடையாது. பழுப்புப் பென்சிலும் நீலப் பென்சிலும் கொடுத்து, ஒவ்வொரு கோடாகத் தடவி நிறம் ஏற்ற வைத்துத்தான் பாடத்தையே ஆரம்பிப்பேன். அசல் தாளில் பழுப்பு பழுப்பாகவும் நீலம் நீலமாகவும் இருக்கும்போது மலை எப்படித் தாளிலிருந்து எழுந்து நிற்கிறது என்பதை அந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. இந்த மேப்பை நான் வாங்கியதற்கு முதல் காரணம் அதுதான்.

கடையைப் பற்றி. தெருவின் இரண்டு பக்கமும் பழம்பொருள் கடைகள்தான். பர்மா மரவை, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படங்கள், பித்தளைப் பூட்டு என்று முன்பக்கம் கண்ணைப் பறிக்கும். காகிதச் சாமான் எல்லாம் பின்கட்டில் கிடக்கும். பேரேடுகள், ரங்கூன் முத்திரை விழுந்த கவர்கள், கல்யாணப் பத்திரிகைகள், அவற்றுக்கு நடுவே மடித்துக் கட்டிய மேப்புகள். மேப் என்று கேட்டால் பெரும்பாலும் பர்மாத் தாளைத்தான் எடுத்துப் போடுவார்கள். பர்மா 1937 வரைக்கும் பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்திருந்தது, அங்கேயும் அளந்து படம் போட்டது சர்வே ஆஃப் இந்தியாதான். ஐராவதி டெல்டாவில் நெல் நிலத்தின் பேரில் கடன் கொடுத்த செட்டிநாட்டு வீடுகளுக்கு, 1930களின் பொருளாதார மந்தத்தில் பணத்துக்குப் பதில் அந்த நிலங்களே வந்து சேர்ந்தன. எந்த ஊர், எந்த ஓடைக்கரை என்று பார்க்க மேப் வேண்டியிருந்திருக்கும். டெல்டாத் தாளில் பழுப்புக் கோடு அநேகமாக இருக்காது, நீலம்தான் தாள் முழுக்க. அப்படி ஒரு கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு தாள் மட்டும் பச்சையும் பழுப்புமாக அடர்ந்து தெரிந்தது.

"தம்பி, இதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா?" என்றேன்.

"தாராளமாப் பாருங்க டீச்சரம்மா. முகப்புக்கு வாங்க, வெயில் அங்கதான் விழுது" என்று ஒரு மர ஸ்டூலையும் துடைத்துப் போட்டுக் கொடுத்தார்.

இந்த ஒரு காரியத்துக்காகவே அந்தக் கடைக்காரரைப் பாராட்டுகிறேன். பொருளை வெளிச்சத்தில் வைத்து, லென்ஸ் பிடித்து, பொறுமையாகப் பார்க்க விடுகிற கடையில் வாங்குங்கள். விடாத கடையில் வாங்காதீர்கள். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. சாமான் விற்ற வீட்டின் பெயரைக் கேட்பது இந்தப் பக்கத்தில் மரியாதை இல்லை.

அசலா நகலா என்று பார்ப்பதுதான் முக்கியம். இணையத்தில் கிடைக்கும் பழைய மேப் படங்களை டீத் தண்ணீரில் நனைத்த காகிதத்தில் அச்சிட்டு, நூறு வருசத்துச் சரக்கு என்று விற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கையில் ஒரு நல்ல லென்ஸ் போதும். அசல் தாளில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி மை, தனித்தனித் தகடு. பழுப்புக் கோட்டை லென்ஸில் பார்த்தால் முழுக் கோடாக, ஓரம் சுத்தமாக, பழுப்பு மையாகவே தெரியும். நகலில் அதே கோடு நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகச் சிதறிவிடும். இன்னொரு அடையாளம், நிறங்கள் ஒன்றோடொன்று மயிரிழை பிசகி விழுந்திருப்பது. என் தாளில் பச்சை வண்ணம் காட்டின் எல்லைக் கோட்டை விட்டு ஒரு பக்கம் கொஞ்சம் வெளியே வழிந்திருக்கிறது. தகடு மாற்றி மாற்றி அச்சடித்ததில் வந்த பிசகு அது. நகல் எடுப்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் நகல் எடுப்பார்கள், ஆகவே புள்ளிச் சோதனையைத்தான் நம்ப வேண்டும்.

பிறகு முதுகுப் பக்கம். என் தாள் துணியில் ஒட்டப்பட்டது. மடிப்பு விழும் இடங்களில் காகிதத்தை முன்கூட்டியே வெட்டி, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் நெல் அகலம் இடம் விட்டுத் துணியில் ஒட்டியிருக்கிறார்கள். மடிக்கும்போது துணிதான் மடியும், காகிதம் நோகாது. குதிரையிலும் டோலியிலும் கொண்டுபோய், காற்றில் விரித்துப் பார்த்து, மறுபடி மடித்துப் பையில் வைக்கச் செய்த வேலை இது. இத்தனை வருடம் கழித்தும் மடிப்பில் ஒரு எழுத்துகூடப் போகவில்லை. மடித்த பர்மாத் தாள்களில் துணி ஒட்டாதவை மடிப்புக்கு மடிப்பு பிய்ந்து கிடந்தன. விலையில் பாதியை நான் இந்தத் துணிக்குக் கொடுத்ததாகவே நினைக்கிறேன்.

அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் தாளின் அடியில் போட்டிருப்பார்கள். என் தாளில் அந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. ஆனாலும் காலத்தைத் தாளே சொல்கிறது. விலை ரூபாய் அணாவில் இருக்கிறது, ஆக 1957-ல் நயா பைசா வருவதற்கு முந்தியது. மேற்கு ஓரத்தில் திருவிதாங்கூர் ராஜ்யம் என்று போட்டிருக்கிறது, ஆக 1949-ல் அது கொச்சியோடு இணைவதற்கு முந்தியது. தாளின் அடி விளிம்பை ஒட்டிப் போடிக்கு ரயில் பாதை ஓடுகிறது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் விட்டது 1928-ல். இவ்வளவு போதும். 1928-க்கும் 1949-க்கும் இடையில் அடித்த பிரதி. நீங்கள் வாங்கும் தாளில் ஆண்டு அழிந்திருந்தால் இப்படி மாவட்ட எல்லை, ராஜ்யப் பெயர், ரயில் பாதை, காசுக் குறி என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். கடைக்காரர் சொல்லும் வயதைவிட அது நிச்சயமானது.

எண்ணை வைத்தே எந்த ஊர் என்று கண்டுபிடிக்கலாம். 58 என்பது 4 டிகிரிக்கு 4 டிகிரி உள்ள பெரிய கட்டம். அதை 16 ஆகப் பிரித்து ஆங்கில எழுத்து கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொரு எழுத்தையும் மறுபடி 16 ஆகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் மேலிருந்து கீழாகப் போய், அடுத்த வரிசைக்கு மறுபடி மேலே ஏறும். எங்கள் காரைக்குடி 58 ஜே/16. தேவகோட்டை 58 கே/13. உதகமண்டலம் 58 ஏ/11. மூணாறும் ஆனைமுடியும் 58 எஃப்/4. ஒரு தாள் 15 நிமிட அட்சம், 15 நிமிடத் தீர்க்கம். இந்த அட்சத்தில் அது பக்கத்துக்குச் சுமார் 17 அங்குலம் வரும். ஒரு அங்குலம் ஒரு மைல் என்பதால் பக்கத்துக்கு 17 மைல், மொத்தம் 290 சதுர மைலுக்குக் கொஞ்சம் கூட.

இனி உள்ளே.

கொடைக்கானல் ஏரி தாளின் மேல் வலது மூலையில், விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு அங்குலத்தில் இருக்கிறது. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டியது. விரல் விரலாகப் பிரிந்த அதன் வடிவம் சின்னதாக, சுத்தமாகத் தெரிகிறது. ஏரிக்கு மேற்கே குன்றின் மேல் சூரிய ஆய்வகம். 1901-லிருந்து அங்கே சூரியனைப் பார்த்துக் குறித்து வருகிறார்கள். ஊரைப் பார்க்க ஆசைப்பட்டு இந்தத் தாளை வாங்குகிறவர்களுக்கு ஏமாற்றம்தான், ஊரின் கிழக்குப் பக்கம் அடுத்த தாளுக்குப் போய்விடுகிறது. ஆனால் மேற்கும் தெற்கும்தான் இந்தத் தாளின் செல்வம்.

ஏரிக்குத் தெற்கே விரலை ஒரு அங்குலம் இறக்கினாலே பழுப்புக் கோடுகள் சீப்புப் பல் மாதிரி நெருங்கிவிடுகின்றன. 100 அடிக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோடு தடிப்பு. மேலே 7,000 அடி, அடிவாரத்தில் ஆயிரத்துச் சொச்சம். லென்ஸ் இல்லாமல் கோட்டை எண்ண முடியாது. அடிவாரத்துக் கும்பக்கரைப் பக்கமிருந்து இந்தத் தென்சரிவு வழியாகத்தான் அந்தக் காலத்தில் மனிதர்கள் கொடைக்கானலுக்கு நடந்தும், குதிரையிலும், டோலியிலும் ஏறினார்கள். 1821-ல் லெப்டினன்ட் வார்டு என்ற சர்வேயர் வெள்ளகவி என்ற மலைக் கிராமத்தில் தங்கி, அங்கிருந்து ஏறி மேல்மலையை அளந்தார். மேலே வெள்ளைக்காரர் வீடு கட்டியது அதற்கு இருபது ஆண்டுக்கும் மேலே கழித்து, 1845-ல். இந்த மலையைப் பொறுத்தவரை குடியேறியவருக்கு முன்னால் போனது அளவைக்காரர்.

இந்தக் கோடுகள் வரையப்பட்ட விதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமூச்சு வருகிறது. வானத்திலிருந்து படம் எடுத்து வரைந்தது அல்ல இது. மூன்று கால் மேசையில் தாளை விரித்து, அதற்கு பிளேன் டேபிள் என்று பெயர், ஏற்கெனவே கோணம் அளந்து வைத்த மலை உச்சிகளைக் கண்ணால் பிடித்து, சாய்வை அளந்து, நின்ற இடத்திலிருந்தே எதிர்ச் சரிவைப் பார்த்து வரைந்தார்கள். மேசையைத் தூக்கவும், கொடி நடவும், காட்டை வெட்டி வழி விடவும் கலாசிகள் கூடப் போனார்கள். அவர்கள் பெயர் எந்த மேப்பிலும் கிடையாது. உச்சிகளில் சின்ன முக்கோணமும் பக்கத்தில் உயரமும் போட்டிருக்கிறதே, அதன் பரம்பரை 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற சர்வேயர் சென்னை பரங்கிமலைப் பக்கம், மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் அடிக்கோட்டைத் தரையில் அளந்ததிலிருந்து வருகிறது. அந்த அளவை 1808-ல் தஞ்சாவூர் வந்தபோது, தியோடலைட் என்ற அரை டன் எடையுள்ள கோணம் அளக்கும் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சேதமானது. நம் சமவெளியில் மலை கிடையாது, பனையும் தென்னையும் பார்வையை மறைக்கும், ஆகவே கோபுரங்களின் மேல் ஏறித்தான் அளக்க வேண்டியிருந்தது.

கொடைக்கானலுக்குத் தென்மேற்கே காட்டுக்குள் இருக்கும் பெரிஜம் ஏரிக்குப் போகும் வழியைப் பாருங்கள். நேர்கோட்டில் கொடைக்கானல் ஏரியிலிருந்து ஏழு அங்குலத்தை ஒட்டி வருகிறது. பள்ளியில் சொல்லிக் கொடுக்கும் முறைப்படி ஒரு நூலை ஈரமாக்கிப் பாதையின் வளைவுகள் மேல் வைத்து, பிறகு நீட்டி அளந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. மலைப்பாதை என்றால் என்ன என்பது பிள்ளைகளுக்கு அந்த ஈர நூலில் புரிந்துவிடும். இந்தத் தாளில் அந்தப் பாதை பெரிஜத்தைத் தாண்டி மேற்கே மூணாறு மலையில் உள்ள டாப் ஸ்டேஷன் என்ற இடத்தின் பக்கம் மெல்லிய கோடாகப் போகிறது. பிற்பாடு அது கொடைக்கானல் மூணாறு சாலை ஆனது. 1990 வாக்கில் மூடப்பட்டது. இன்றைக்குப் பெரிஜம் வரை போகவே வனத்துறை அனுமதி வேண்டும்.

டாப் ஸ்டேஷன் பக்கத்துத் தாளில் இருக்கிறது. மூணாறு தேயிலை 1908-லிருந்து சின்ன ரயிலில் அங்கே வந்து, கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்தது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. கொட்டகுடியிலிருந்து போடிக்கு ஆற்றோரமாக வரும் வழி என் தாளின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. அங்கேதான் இந்தப் பிரதிக்கு மட்டுமே உரிய ஒரு சங்கதி. போடியிலிருந்து மேற்கே அந்தப் பாதையோரமாக யாரோ பென்சிலால், ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்ணில் ௭ வரைக்கும் எழுதியிருக்கிறார். பேரேட்டில் பழகிய கை. ௪-ன் சுழிப்பு எங்கள் பக்கத்துக் கணக்கு நோட்டுகளில் இருப்பதேதான். மலையடிவாரத்தில் ஏலக்காய் வியாபாரம் பார்த்தவராக இருக்கலாம், போடி இன்றைக்கும் ஏலக்காய்ச் சந்தை. வேறு வேலையாகவும் இருக்கலாம். மைலுக்கு மைல் வழியை எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருந்திருக்கிறது. பென்சில் குறி இருந்தால் விலை குறையும் என்று கடைக்காரர் நினைத்தார். எனக்கு அதனாலேயே மதிப்பு கூடியது. தயவு செய்து இப்படிப்பட்ட குறிகளை ரப்பர் போட்டு அழித்துவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் வேண்டியது தாளின் நடுப்பகுதி. பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். மலை முதுகின் மேல் அவள் விரலை வைத்து, "இதுக்கு ரெண்டு பக்கமும் ஓடை எங்க ஆரம்பிக்குதுன்னு பாரு" என்றேன். நீலக் கோடுகள் நுனி நுனியாக இரண்டு பக்கமும் பிரிந்து இறங்குகின்றன. சமஉயரக் கோடுகள் மேட்டைப் பார்த்து வளைந்து கூராகிற இடமெல்லாம் ஓடை.

"அப்பத்தா, வடக்க போற தண்ணி எங்க போகும்?"

"அமராவதிக்கு. அப்புறம் காவிரிக்கு."

"இந்தப் பக்கம்?"

"வைகைக்கு."

நான் பிறந்தது மானாமதுரை. ஆற்றில் தண்ணீர் வருகிறது என்றால் ஊரே கரைக்குப் போய் நிற்கும். வெறும் மணலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, அந்தத் தண்ணீர் புறப்படுகிற இடங்களில் ஒன்றை இப்படி ஒரு நூல் கனத்துக்கு நீலக் கோடாகப் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை.

அந்த ஓடைகள் தொடங்கும் மடிப்புகளில் மரக் குறி. இரண்டு மடிப்புகளுக்கு நடுவே உள்ள முதுகுகளில் புல் குறி, சின்னச் சின்னக் கொத்தாக. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். மேல்மலையின் இயல்பான அமைப்பு அதுதான். உறைபனி விழும் திறந்த மேட்டில் சோலைக் கன்று பிழைப்பது கடினம், ஆகவே சோலை ஈரமும் மறைவும் உள்ள மடிப்பிலேயே தங்கும், புல் மேட்டைப் பிடித்துக்கொள்ளும். மழையை வாங்கி வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இவை இரண்டும் சேர்ந்துதான். இப்போது அதே இடத்தின் புதிய மேப்பையும் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புல் முதுகுகளில் பெரும் பகுதியில் வாட்டில், பைன், யூகலிப்டஸ் என்று வெளிநாட்டு மரங்கள். வாட்டில் பட்டை தோல் பதனிட, யூகலிப்டஸ் கூழுக்கு. புல்வெளி என்றால் தரிசு என்ற எண்ணத்தில், சுதந்திரத்துக்குப் பிறகுதான் இந்த மலையில் பெரிய அளவில் நட்டார்கள். வாட்டில் தானாகவே பரவுகிறது, இன்றைக்கு நிறுத்துவதே பெரும்பாடு. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும் அந்தப் புல் மேடுதான் வீடு. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்து 2030. மேற்கே கேரளப் பக்கம் 2006-ல் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவித்தார்கள். நம் பக்கம் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-ல் வந்தது. புல்லை மீட்க வேண்டும் என்று இப்போது பேசுகிறார்கள். எந்த மேடு புல்லாக இருந்தது என்பதற்குச் சாட்சி இதுபோன்ற தாள்கள்தான். இதைக் கண்ணாடிக்குள் அடைத்து ஹோட்டல் வரவேற்பறையில் தொங்கவிடுவது எனக்கு மனசு ஆகவில்லை என்பது இதனால்தான்.

புதிய மேப்புக்குச் செலவே இல்லை. சர்வே ஆஃப் இந்தியாவின் ஓப்பன் சீரிஸ் மேப்புகளை 2017-லிருந்து இணையத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முன்பு கடலோரத் தாள்களுக்கெல்லாம் கட்டுப்பாடு இருந்தது, சாதாரண ஆசிரியர் கேட்டு வாங்குவது பெரிய காரியம். இப்போது பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் படிக்கிற வசதி எந்தப் பள்ளிக்கும் உண்டு.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தாளின் பின்பக்கம் ஒரு கிழிசலுக்கு யாரோ செல்லோ டேப் ஒட்டியிருக்கிறார்கள். டேப்பின் பசை துணியைத் தாண்டி முன்பக்கம் மஞ்சளாக ஊறியிருக்கிறது. அதை உரிக்க வேண்டாம், உரித்தால் மையோடு வரும். பழம்பொருள் விற்பவர்கள் காகிதத்தில் டேப் ஒட்டுவதை அடியோடு நிறுத்த வேண்டும். கிழிசல் கிழிசலாகவே இருந்தால் பின்னால் சரிசெய்யலாம். இரண்டாவது, மேப்புகளை வரிசைப்படுத்தி வைப்பதில்லை. பர்மாவும் பழனிமலையும் ஒரே கட்டில். வேண்டியதைத் தேட அரை நாள் ஆகும். மூன்றாவது, 6,000 என்ற தொடக்க விலைக்கு அடிப்படை எதுவும் இல்லை. துணி ஒட்டாத, மடிப்பு பிய்ந்த தாளுக்கும் அதே விலைதான் சொல்கிறார்கள். மூலை அரித்ததைக் காட்டித்தான் நான் குறைத்தேன்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதை வைத்துக்கொண்டு மலை ஏறப் போகாதீர்கள். அடர்ந்த சரிவுகளில் கோடுகள் கண் மதிப்பில் இழுத்தவை. பாதைகள் பல அழிந்துவிட்டன. காடு முழுக்க இப்போது அனுமதிக்கு உட்பட்டது. தாளின் மேற்கு விளிம்பை ஒட்டிய குரங்கணிச் சரிவில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் மலையேறப் போன பிள்ளைகள் இறந்ததை நாம் மறக்கக் கூடாது.

வாங்கியபின் பராமரிப்பு. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். தெருமுனைக் கடையில் உடனே செய்து தருகிறேன் என்பார்கள், காகிதம் மூச்சு முட்டிப் போகும், திரும்பப் பிரிக்க முடியாது. அமிலம் இல்லாத அட்டை நடுவில் வைத்து, தட்டையாக, வெயில் படாத மர அலமாரியில் வையுங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் பெட்டகத்துக்குள் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போடுவது வழக்கம். அதைச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டி ஓரமாக வைக்கலாம், காகிதத்தின் மேல் படக்கூடாது. கட்டாயம் மாட்டத்தான் வேண்டும் என்றால் நல்ல ஸ்கேன் எடுத்து அதை மாட்டுங்கள். மாடிப்படிச் சுவரில் எங்கள் வீட்டில் தொங்குவது ஸ்கேன்தான்.

அடுத்து எனக்கு வேண்டியது 58 எஃப்/11. பழனி அந்தத் தாளில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடி எடுத்து நடந்து போகும் நகரத்தார் பாதையை அடுத்தடுத்த தாள்களில் கோர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வந்தால் எடுத்து வைப்பதாகக் கடைக்காரத் தம்பி சொல்லியிருக்கிறார். நீங்கள் போவதாக இருந்தால் காலையில் போங்கள், முகப்பில் வெயில் விழும் நேரம் அதுதான். லென்ஸ் உங்களுடையதாக இருக்கட்டும். தாள் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், ஊர்ப் பெயர் சொன்னால் பர்மாக் கட்டைத்தான் முதலில் பிரிப்பார்கள்.